கேட்பவர்கள் 20 லட்சம், பெறுபவர்கள்? இங்கிலாந்தின் பராமரிப்புக் கணக்கு தெரியுமா?

இங்கிலாந்தில் கால் உடைந்து ஆஸ்பத்திரியில் படுத்தால் காசு கேட்க மாட்டார்கள். புற்றுநோய்க்கு அறுவை செய்தாலும் கேட்க மாட்டார்கள். அதே ஊரில் ஒரு பெரியவருக்கு மறதிநோய் முற்றி, சட்டைப் பொத்தானைத் தானே போட முடியாத நிலை வந்துவிட்டது என்று வையுங்கள். அவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, சோறூட்டிவிட வரும் ஆளுக்கு அவரே சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கலாம். சேமிப்பு கரையும்வரை! சில குடும்பங்களில் வீட்டை விற்கும்வரை! தெரியுமா உங்களுக்கு? அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் ஏராளமானோருக்கும், பெற்ற அப்பா அம்மாவுக்கு முடியாமல் போகும் நாள்வரை இது தெரிவதில்லை.

இன்னும் வியப்பு என்ன தெரியுமா? இலவச வைத்தியம் தந்த சட்டமும், காசு வாங்கிப் பராமரிக்கும் சட்டமும் நடைமுறைக்கு வந்தது ஒரே நாளில்! 1948 ஜூலை 5. அன்று காலை என்.எச்.எஸ். என்ற தேசிய மருத்துவச் சேவை தொடங்கியது. அன்றே தேசிய உதவிச் சட்டமும் அமலானது. 1601-ல் எலிசபெத் மகாராணி காலத்தில் எழுதப்பட்டு, ஏறக்குறைய 350 ஆண்டுகள் ஏழைகளின் தலையெழுத்தை எழுதிவந்த ஏழைகள் சட்டத்தை அந்தப் புதுச் சட்டம் தன் முதல் பிரிவிலேயே ஒழித்துக் கட்டியது. முதியோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் இடம் தரும் பொறுப்பைக் கவுன்சில்களிடம், அதாவது உள்ளாட்சி மன்றங்களிடம் கொடுத்தது. ஆனால் மருத்துவத்துக்கு இல்லாத ஒரு நிபந்தனை இதற்கு மட்டும் ஒட்டிக்கொண்டது: வசதி பார்த்துக் கட்டணம். அன்று விழுந்த அந்தக் கோடு 75 ஆண்டு தாண்டியும் அழியவில்லை.

சரி, இன்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? 2015-16ல் கவுன்சில்களுக்கு வந்த புதிய கோரிக்கைகள் ஏறத்தாழ 18 லட்சம். 2023-24ல் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நாளொன்றுக்கு ஐயாயிரத்துக்கும் மேல்! ஞாயிறு, கிறிஸ்துமஸ் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. யாரோ ஒருவர் போனை எடுத்து, "அம்மா மறுபடியும் விழுந்துட்டாங்க, என்னால தனியா சமாளிக்க முடியல" என்று சொல்கிறார். ஒவ்வொரு கோரிக்கைக்குப் பின்னாலும் அப்படி ஒரு வீடு இருக்கிறது.

இப்போது அடுத்த எண்ணைப் பாருங்கள். அரசுச் செலவில் நீண்டகாலப் பராமரிப்பு பெற்றவர்கள் 2015-16ல் சுமார் 8.7 லட்சம் பேர். 2021-22ல் அது 8.2 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. அதன்பிறகு கொஞ்சம் ஏறி, 2023-24ல் 8.6 லட்சத்தை ஒட்டி நின்றது. கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள், பெறுபவர்கள் எட்டு ஆண்டுக்கு முந்தைய அளவைக்கூட எட்டவில்லை! முதியோரை மட்டும் தனியாகப் பிரித்தால் மனசு கனத்துவிடும். 65 வயதைக் கடந்தவர்களில் நீண்டகாலப் பராமரிப்பு பெற்றோர் 2015-16ல் 5.9 லட்சத்தை ஒட்டி இருந்தார்கள், 2021-22ல் 5.3 லட்சம்தான்.

ஒருவேளை முதியவர்களே குறைந்துவிட்டார்களோ? இல்லவே இல்லை! 2011 கணக்கெடுப்பில் இங்கிலாந்தில் 65 தாண்டியவர்கள் 87 லட்சம் பேர். 2021 கணக்கெடுப்பில் 1 கோடியே 4 லட்சம். பத்தே ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு பெருக்கம். முதியோர் கூடிய நாட்டில் உதவி பெறும் முதியோர் குறைந்தது எப்படி?

ஒரு நல்ல காரணமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் பெரியவருக்குச் சில வாரம் தீவிரமாக உதவி, மறுபடி தானே எழுந்து, தானே தேநீர் போட்டுக் குடிக்கப் பழக்கும் குறுகியகாலச் சேவை அங்கே வளர்ந்திருக்கிறது. ஆறு வாரம்வரை அது இலவசம்! அதனால் தேறியவர்கள் நீண்டகாலப் பட்டியலுக்கு வராமலே போகிறார்கள். ஆனால் பெரிய காரணம் அதுவல்ல என்பதுதான் என் எண்ணம். 2010-க்குப் பிறகு மத்திய அரசு கவுன்சில்களுக்குத் தரும் பணத்தை வெட்டியது. கவுன்சில்கள் உதவியை மிக முடியாதவர்களுக்கு மட்டும் என்று சுருக்கின. கூடவே, சத்தமே இல்லாமல் ஒரு எண் உறைந்து கிடந்தது.

அந்த எண் 23,250 பவுண்டு. கையில் இதற்கு மேல் சொத்து இருந்தால், பொதுவாகக் கவுன்சில் காசு தராது, முழுச் செலவும் உங்களுடையது. இந்த வரம்பு கடைசியாக உயர்ந்தது எப்போது தெரியுமா? 2010 ஏப்ரலில்! அதற்குப் பிறகு ரொட்டி விலை ஏறியது, வாடகை ஏறியது, பேருந்துக் கட்டணம் ஏறியது. வரம்பு மட்டும் அசையவில்லை. விலைவாசியோடு சேர்ந்து ஏறியிருந்தால் இந்நேரம் 35,000 பவுண்டை ஒட்டி இருந்திருக்கும். எந்த மந்திரியும் "முதியோர் உதவியைக் குறைக்கிறோம்" என்று அறிவிக்கவில்லை, நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடக்கவில்லை, செய்தித்தாளில் தலைப்பு வரவில்லை. எண்ணை அப்படியே விட்டார்கள், அவ்வளவுதான். ஆண்டுதோறும் ஒரு கூட்டம் தகுதியை இழந்துகொண்டே வந்தது. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் என்னை அதிகம் உலுக்கியது இதுதான்.

வீடு கணக்கில் சேருமா? இதில்தான் பலருக்கும் குழப்பம். சொந்த வீட்டிலேயே இருந்து பராமரிப்பு பெற்றால் வீட்டின் மதிப்பைச் சேர்க்க மாட்டார்கள். கேர் ஹோம் என்ற பராமரிப்பு இல்லத்துக்கு நிரந்தரமாகப் போனால் சேர்ப்பார்கள். அப்போதும் மனைவியோ கணவரோ அந்த வீட்டில் இருந்தால் சேர்க்கக் கூடாது. 60 வயதான உறவினர் இருந்தாலும் சேர்க்கக் கூடாது. மற்றபடி, முதல் 12 வாரத்துக்கு வீட்டைத் தொட மாட்டார்கள். 23,250-க்கும் 14,250-க்கும் நடுவில் சொத்து உள்ளவருக்கு இன்னொரு விசித்திரக் கணக்கு: ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் வாரம் ஒரு பவுண்டு வருமானம் வருகிறது என்று வைத்துக்கொள்வார்கள். ஆண்டுக்கு 20 விழுக்காட்டுக்கும் மேல் வட்டி! எந்த வங்கி தருகிறது அப்படி ஒரு வட்டியை?

கவுன்சில் செலவில் கேர் ஹோமில் இருப்பவரின் ஓய்வூதியம் பெரும்பாலும் கட்டணத்துக்கே போய்விடும். சோப்பு, பேரனுக்குப் பிறந்தநாள் அட்டை, முடிவெட்டு என்று கைச்செலவுக்கு அவரிடம் விட்டுவைப்பது வாரத்துக்கு 30 பவுண்டு சொச்சம்.

அதே கேர் ஹோமில், அதே மாடியில், அடுத்தடுத்த அறையில் இருக்கும் இரண்டு பேர் வேறு வேறு விலை கொடுக்கிறார்கள், தெரியுமா? சந்தைப் போட்டி ஆணையம் 2017-ல் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. சொந்தக் காசில் இருப்பவர் வாரத்துக்குச் சராசரி 846 பவுண்டு கொடுத்தார். கவுன்சில் கொடுத்தது சராசரி 621. ஒரே இல்லத்துக்குள் ஒப்பிட்டால் சொந்தக் காசுக்காரர் சுமார் 41 விழுக்காடு கூடுதலாகக் கட்டினார். கவுன்சில் பேரம் பேசிக் குறைத்ததைப் பக்கத்து அறைப் பாட்டியின் சேமிப்பு ஈடுகட்டுகிறது!

முதியோர் கதை ஒருபக்கம் இருக்கட்டும். "சமூகப் பராமரிப்பு" என்றதும் எல்லோர் மனசிலும் வருவது வெள்ளைத் தலைதான். ஆனால் நீண்டகாலப் பராமரிப்புக்குக் கவுன்சில்கள் செலவிடும் பணத்தில் ஏறக்குறைய பாதி 18 முதல் 64 வயதுவரை உள்ளவர்களுக்குப் போகிறது! எண்ணிக்கையில் அவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். 2015-16ல் அவர்களிடமிருந்து வந்த கோரிக்கைகள் சுமார் 5 லட்சம். இப்போது 6 லட்சத்தைத் தாண்டிவிட்டன. முதியோர் கோரிக்கைகளைவிட வேகமாகக் கூடுவது இவைதான். உதவி பெறும் எண்ணிக்கையும் இவர்களில் குறையவில்லை, 2.85 லட்சத்திலிருந்து 2.9 லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. அந்தச் செலவின் பெரும்பகுதி அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கானது.

இதற்குப் பின்னால் ஒரு மகத்தான சேதி இருக்கிறது. 1940களில் டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த குழந்தை சராசரியாக 12 வயதுவரைதான் வாழும் என்று கணக்கிட்டார்கள். இன்று 60 வயதுவரை வாழ்கிறார்கள்! இதய அறுவை சிகிச்சை வந்தது, ஆன்டிபயாடிக் மருந்துகள் வந்தன, பெரிய மருத்துவமனை விடுதிகளில் அடைத்துவைத்த காலம் முடிந்தது. மகனுக்கு 50 வயது, அவனைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு 80. "எனக்குப் பிறகு இவனுக்கு யார்?" என்று அந்தத் தாய் கேட்கும் கேள்வி முன்பு பிறக்கவே வாய்ப்பில்லாத கேள்வி. செலவு ஏறுகிறது என்று பெருமூச்சு விடுவோருக்கு நான் சொல்வேன்: உயிர்கள் நீண்டிருக்கின்றன, அந்த உயிர்களுக்கான செலவு இது.

உதவிக்குப் பதிலாக உதவிக்கான பணத்தையே கையில் வாங்கிக்கொள்ளலாம் என்பது தெரியுமா? நேரடிப் பணம் என்று பெயர். யாரை வேலைக்கு வைப்பது, காலை ஆறு மணிக்கு எழுப்புவதா எட்டு மணிக்கா என்பதை எல்லாம் நீங்களே முடிவுசெய்யலாம். நீண்டகால உதவி பெறுவோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்த வழியில் இருக்கிறார். இந்த யோசனை எந்த அலுவலக மேசையிலும் பிறக்கவில்லை! ஹாம்ப்ஷயரில் லெ கோர்ட் என்ற இல்லத்தில் வாழ்ந்த மாற்றுத் திறனாளிகள் 1979-ல் ஒன்றுகூடினார்கள். கை கால் அசைக்க உதவி வேண்டும், உண்மை; அதற்காக ஆயுள் முழுக்க ஒரு விடுதியில்தான் இருக்க வேண்டுமா? 1981 உலக ஊனமுற்றோர் ஆண்டு. அதற்குள் வெளியேறிவிட வேண்டும் என்று தங்கள் முயற்சிக்கே 'திட்டம் 81' என்று பெயர் வைத்தார்கள். எங்களை இங்கே வைத்திருக்க நீங்கள் செலவிடும் காசை எங்களிடமே கொடுங்கள் என்று கவுன்சில்களிடம் கேட்டார்கள். தனி ஆளுக்குக் காசு தர 1948 சட்டத்தில் வழியில்லை. அதனால் பணத்தை இல்லத்துக்கே அனுப்பி, அங்கிருந்து அவர்களுக்கு வரும்படி ஒரு சுற்றுவழி கண்டுபிடித்தார்கள். வெளியே வந்தார்கள், தனி வீட்டில் வாழ்ந்து காட்டினார்கள். நாடாளுமன்றம் அவர்களைப் பின்தொடர்ந்து சட்டம் இயற்ற 1996 ஆனது! முதலில் உழைக்கும் வயதினருக்கு மட்டும், 2000-ல் முதியோருக்கும். ஆனால் இந்தப் பங்கு சில ஆண்டுகளாகக் கூடவே இல்லை, சற்றுக் குறைந்துமிருக்கிறது. முதியோரில் இதைத் தேர்ந்தெடுப்போர் மிகவும் குறைவு. வேலைக்கு ஆள் வைப்பது, சம்பளச் சீட்டு, விடுப்புக் கணக்கு எல்லாம் 85 வயதில் சுலபமா?

பீட்டர் டவுன்செண்ட் என்ற சமூகவியலாளரைத் தெரியுமா? 1950களின் கடைசியில் இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்க 173 முதியோர் இல்லங்களைப் பார்த்துவந்தார். ஏழைகள் சட்டம் ஒழிந்து பத்து ஆண்டு ஆகியும், அந்தக் காலத்து ஏழைகள் விடுதிக் கட்டடங்களிலேயே பல்லாயிரம் முதியோர் படுத்துக் கிடந்தார்கள். நீண்ட கூடங்கள், வரிசைக் கட்டில்கள், சொந்தமாக ஒரு இழுப்பறைகூட இல்லாத வாழ்க்கை. 1962-ல் வெளியான அவர் புத்தகம் நாட்டை உலுக்கியது.

பிறகு பணம் பாய்ந்த வேகத்தையும் பாருங்கள்! தனியார் இல்லங்களில் சேரும் வசதி குறைந்தோருக்குச் சமூகநல நிதியிலிருந்து கட்டணம் கொடுக்கலாம் என்று வழி திறந்தது. 1979-ல் ஏறத்தாழ 1 கோடி பவுண்டாக இருந்த அந்தச் செலவு 1990களின் தொடக்கத்தில் 200 கோடியைத் தாண்டியது. வீட்டுக்கே உதவி அனுப்பக் காசு இல்லை, இல்லத்தில் சேர்த்தால் காசு உண்டு என்ற நிலை. அதனால் இல்லங்கள் முளைத்துக்கொண்டே இருந்தன. இதைச் சீர்செய்ய அரசு யாரை அழைத்தது தெரியுமா? சூப்பர் மார்க்கெட் நிறுவனமான செயின்ஸ்பரீஸின் நிர்வாகி ராய் கிரிஃபித்ஸை! 1988-ல் அவர் தந்த அறிக்கையின் வழியில், 1993 ஏப்ரல் முதல் பணமும் பொறுப்பும் கவுன்சில்களிடம் வந்தன. தனியார் இல்லங்கள் தங்கிவிட்டன. 2011-ல் சதர்ன் கிராஸ் என்ற பெரிய நிறுவனம் வாடகை கட்ட முடியாமல் கவிழ்ந்தபோது, சுமார் 31,000 முதியோரின் தலைக்கு மேலிருந்த கூரை கேள்விக்குறியானது.

செலவுக்கு உச்சவரம்பு வைக்கும் கதை இன்னொரு ஆச்சரியம். பொருளியலாளர் ஆண்ட்ரூ டில்னட் தலைமையிலான ஆணையம் 2011-ல் சொன்னது: 65 வயதானவர்களில் பத்தில் ஒருவருக்கு வாழ்நாள் பராமரிப்புச் செலவு ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டும், அந்த ஒருவர் யார் என்று யாருக்கும் தெரியாது, அதனால் 35,000 பவுண்டுக்கு மேல் அரசு ஏற்கட்டும். 2014-ல் ஒரு சட்டம் இயற்றி வழி செய்தார்கள், வரம்பை 72,000 ஆக்கினார்கள். 2016-ல் வரும் என்றார்கள், 2020-க்குத் தள்ளினார்கள், கைவிட்டார்கள். 2021-ல் போரிஸ் ஜான்சன் 86,000 என்று புதிதாக அறிவித்தார், 2023 அக்டோபரில் வரும் என்றார். அது 2025 அக்டோபருக்குப் போனது. 2024 ஜூலையில் புதிய நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் ரத்து செய்துவிட்டார். இத்தனை அறிவிப்புக்கும் நடுவே ஒரே ஒரு குடும்பத்துக்குக்கூட அந்த வரம்பு பயன்படவில்லை! இப்போது லூயிஸ் கேசி தலைமையில் புதிய ஆணையம் 2025-ல் தொடங்கியிருக்கிறது. இறுதி அறிக்கை 2028-க்குள்.

எல்லை தாண்டி ஸ்காட்லாந்துக்குப் போனால் கதையே வேறு. குளிப்பாட்டுவது, உடுத்துவது, ஊட்டுவது போன்ற உடல்சார்ந்த பராமரிப்பு அங்கே 2002 ஜூலை முதல் 65 தாண்டியவர்களுக்கு இலவசம். வேல்ஸிலோ, வீட்டுப் பராமரிப்புக்கு வாரக் கட்டண உச்சவரம்பு 2020-ல் 100 பவுண்டானது. மூன்றும் ஒரே தீவுக்குள்!

ஃபிராங்க் கோபெல் பெயரை அவசியம் அறிந்துகொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் டண்டீ யுனைடெட் அணியின் முன்னாள் கால்பந்து வீரர். 59 வயதில் அவருக்கு மறதிநோய் என்று தெரிந்தது. நோய் வந்தது, 65 வயது வரவில்லை. அதனால் இலவசப் பராமரிப்பும் இல்லை. மனைவி அமாண்டா அவரைப் பார்த்துக்கொண்டே, வயது பார்த்து நோய் வருவதில்லை என்று ஊர் ஊராகப் பேசினார். 2014-ல் ஃபிராங்குக்கு 65 ஆனது. தகுதி வந்து மூன்றே வாரத்துக்குள் இறந்துபோனார். அமாண்டா நிறுத்தவில்லை. 2019 ஏப்ரல் முதல் ஸ்காட்லாந்தில் வயது வரம்பே எடுக்கப்பட்டுவிட்டது. 'ஃபிராங்க் சட்டம்' என்றுதான் மக்கள் அதைச் சொல்கிறார்கள்.

இந்த வேலையைச் செய்யும் கைகள் யாருடையவை? இங்கிலாந்தில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பணியிடங்கள் இந்தத் துறையில் இருக்கின்றன, என்.எச்.எஸ்.ஸைவிடப் பெரியது! 2021-22ல் அதில் பத்தில் ஒன்றுக்கு மேல் காலி, சுமார் 1.65 லட்சம் இடங்கள். 2022 பிப்ரவரியில் அரசு கேர் வொர்க்கர் விசாவைத் திறந்தது. இந்தியா, நைஜீரியா, ஜிம்பாப்வே நாடுகளிலிருந்து ஆட்கள் குவிந்தார்கள். 2023-24 ஒரே ஆண்டில் ஒரு லட்சம் பேருக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தார்கள். காலியிடம் 1.31 லட்சமாகக் குறைந்தது, மறு ஆண்டு 1.11 லட்சம். நம் பக்கத்திலிருந்து நகையை அடகு வைத்து, ஏஜென்டுக்கு லட்சக்கணக்கில் கட்டிப் போனவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. போய் இறங்கியவர்களில் சிலருக்குச் சொன்ன வேலை இல்லை. நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் விசா உரிமத்தை அரசு பறித்தபோது, பாடுபட்டு வந்தவர்கள்தான் நடுவழியில் நின்றார்கள். 2024 மார்ச் முதல் மனைவி, கணவர், பிள்ளைகளை அழைத்துவரத் தடை. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் வழியே மூடப்பட்டது. இனி யாராவது "கேர் விசா வாங்கித் தர்றேன்" என்று ஊரில் பணம் கேட்டால் நம்பிவிடாதீர்கள்!

இத்தனை பேர் இருந்தும் பெரும்பாரத்தைச் சுமப்பது சம்பளமில்லாத கைகள். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்ந்து சுமார் 50 லட்சம் பேர் ஒருவரைக் காசில்லாமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். வாரம் 35 மணி நேரத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்பவருக்கு 2024-25ல் கிடைத்த உதவித்தொகை வாரத்துக்கு 81.90 பவுண்டு. மணிக்கணக்கில் வகுத்தால் இரண்டே கால் பவுண்டைச் சற்றே தாண்டும். அந்த ஆண்டின் குறைந்தபட்சக் கூலியோ மணிக்கு 11.44! பகுதிநேர வேலையில் வரம்பைவிட ஒரு பவுண்டு கூடுதலாகச் சம்பாதித்தால் உதவித்தொகை முழுவதும் போய்விடும்.

கடைசியாக, லண்டனிலோ லெஸ்டரிலோ உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால் அவசியம் சொல்லுங்கள். 2015 ஏப்ரலில் அமலான அந்த 2014 சட்டப்படி, பராமரிப்பு தேவைப்படுவதாகத் தெரியும் எவருக்கும் கவுன்சில் தேவை மதிப்பீடு செய்தே ஆக வேண்டும். சொந்த வீடு இருந்தாலும், வங்கியில் பணம் இருந்தாலும், அந்த மதிப்பீடு இலவசம்! குளியலறைக் கைப்பிடி, படிக்கட்டுப் பிடி போன்ற 1,000 பவுண்டுவரையிலான சிறு வசதிகள், தேவை என்று ஏற்கப்பட்டால் கட்டணமில்லாமல் கிடைக்கும். தனக்கு ஆங்கிலம் வராது என்று அம்மா தயங்கினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கும் மருமகளுக்கும் தனியாக ஒரு மதிப்பீடு உண்டு. அவர்களால் என்ன முடியும், எப்போது ஓய்வு வேண்டும் என்று அதில் கேட்பார்கள். யாரும் வீடு தேடி வந்து இதைச் சொல்ல மாட்டார்கள், கவுன்சிலுக்குப் போன் செய்து நாமேதான் கேட்க வேண்டும்.